ஊசியும் பதிவேடும்: உயர்தரத்துக்குப் பின் இரண்டு பாதைகள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசச் சொல்வதுதான் வழக்கம். நம் சங்கச் செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு வேறு. உயர்தரப் பரீட்சைக்குப் பின் நம் பிள்ளைகளிடம் இப்போது அதிகம் பேசப்படும் இரண்டு கற்கைநெறிகள், அதாவது நவநாகரிக ஆடை வடிவமைப்பும் சுகாதாரப் பராமரிப்பு முகாமைத்துவமும். இவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். "ஒன்று எனக்குத் தூரம், மற்றது எனக்குப் பக்கம்" என்றேன். "அப்படியென்றால் இரண்டையும் நேர்மையாகச் சொல்வீர்கள்" என்றார். அந்த நம்பிக்கையில் வந்திருக்கிறேன்.

பெறுபேறுகள் வெளியாகும் கிழமையில் என் கிளினிக்குக்கு வரும் தாய்மாரில் சிலர் மருந்துத் துண்டோடு இன்னொரு துண்டையும் நீட்டுவார்கள். அது ஏதாவதொரு கல்வி நிலையத்தின் விளம்பரமாக இருக்கும். "மிஸ், மகளுக்கு மெடிசின் கிடைக்கல்ல. இந்த ஹெல்த் கெயார் கோர்ஸ் செஞ்சா ஹொஸ்பிட்டல்ல வேல எடுக்கலாம்தானே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இரண்டு எண்ணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைக்கு மீதியெல்லாம் இரண்டாந்தரம் என்ற எண்ணம். மற்றது, பெயரில் 'ஹெல்த்' என்று இருந்தால் வைத்தியசாலைக் கதவு திறக்கும் என்ற எண்ணம். இரண்டும் பிழை. முதலாவது எண்ணம் நல்ல கற்கைநெறிகளை நம் பிள்ளைகளிடமிருந்து மறைக்கிறது. இரண்டாவது, கூடாத கற்கைநெறிகளுக்கு அவர்களின் பெற்றோரின் காசைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையைப் பற்றியே.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையோரப் பெண்களுக்குத் துணியும் புதிதல்ல, பராமரிப்பும் புதிதல்ல. கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை, பாலாவியிலிருந்து சிலாபம் வரை, ஆண்கள் கடலுக்கும் உப்பளத்துக்கும் தோட்டத்துக்கும் போக, வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் இருந்த பெண்கள் எத்தனை பேர்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் சிறு பிள்ளைகள். வகுப்பில் வாங்குகளை நெருக்கிப் போட்டுப் புதிய தோழிகளை அமர்த்தினோம். கையில் ஒன்றுமில்லாமல் வந்த அந்த வீடுகள் பலவற்றில் முதலில் வருமானம் தந்தது ஒரு தையல் இயந்திரமே. இன்னும் தெற்கே போனால் சிலாபம்-கொழும்பு வீதியில் மஹாவெவ இருக்கிறது. பத்திக் துணிக்குப் பெயர் பெற்ற இடம். மெழுகை உருக்கி, துணியில் கோடிட்டு, சாயத்தில் தோய்த்து, கொதிநீரில் மெழுகை எடுத்து, மறுபடி அடுத்த சாயத்துக்குப் போகும் அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்யும் கைகள் நம் மாவட்டத்தின் கைகள்.

பராமரிப்பும் அப்படியே. வீட்டில் ஒருவர் படுத்தால் மருந்து நேரத்தை நினைவில் வைத்திருப்பது யார்? கிளினிக் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பது யார்? எந்த நாளில் எந்த வைத்தியசாலைக்கு எந்த பஸ்ஸில் போவது என்று திட்டமிடுவது யார்? பெண்கள்தான். வேலை ஏற்கெனவே நடக்கிறது. அந்த வேலைக்கு ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு நியாயமான சம்பளம் இல்லை. ஒரு நல்ல கற்கைநெறி அதைத் தர முடியும். தராத கற்கைநெறியை நாம் வாங்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆடை வடிவமைப்பு என்றதும் நம் மனதில் வருவது மேடையில் நடக்கும் அழகிகளும் தொலைக்காட்சியும். அது அந்தத் துறையின் மிகச் சிறிய ஒரு மூலை. இலங்கையில் ஆடைத் தொழில் 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின், 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்ததோடு பெரிதாக வளர்ந்தது. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்து 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. இன்று நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடையிலிருந்தே வருகிறது. அந்தத் தொழிற்சாலைகளில் இருப்போரில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆனால் அவர்களில் மிகப் பலர் இயந்திரத்தின் முன் தொடங்கி இயந்திரத்தின் முன்னேயே முடிக்கிறார்கள்.

2005 ஜனவரி முதலாம் திகதி ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை எந்த நாடு எவ்வளவு ஆடை விற்கலாம் என்று பங்கு பிரித்துக் கொடுத்த பல்நார் ஒப்பந்தக் காலத்துக் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. மலிவாகத் தைக்கும் பெரிய நாடுகளோடு நாம் தாக்குப்பிடிக்க மாட்டோம் என்று பலர் சொன்னார்கள். 2010 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையும் போனது. அது திரும்பக் கிடைத்தது 2017 இல். ஆனாலும் தொழில் அழியவில்லை. காரணங்களில் முக்கியமான ஒன்று, நம் பெரிய நிறுவனங்கள் 'வரைந்து தாருங்கள், தைத்துத் தருகிறோம்' என்ற நிலையிலிருந்து, 'நாங்களே வடிவமைத்து மாதிரியும் செய்து தருகிறோம்' என்ற நிலைக்கு ஏறியது. அந்த ஏற்றத்தோடு வடிவமைப்பாளர், வெட்டுரு தயாரிப்பவர், மாதிரி அறையில் வேலை செய்பவர், துணி ஆராய்ச்சி செய்பவர், வாங்குபவரோடு பேசும் மேர்ச்சண்டைசர் என்று புதிய கதிரைகள் வந்தன. இயந்திரத்துக்கும் அந்தக் கதிரைகளுக்கும் இடையே உள்ள தூரம் பல வேளைகளில் ஒரு படிப்பின் தூரமே.

அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது? வரைதல் இருக்கிறது, ஆனால் அது தொடக்கம் மாத்திரம். உடம்பை அளப்பது, அளவைத் தட்டையான வெட்டுருவாக மாற்றுவது, ஒரே வெட்டுருவைச் சிறிய அளவிலிருந்து பெரிய அளவு வரை கணக்காக விரிப்பது, பருத்தி, பட்டு, செயற்கை நார் ஆகியவற்றின் குணங்கள், சாயம், கணினியில் வரைவது, ஓர் ஆடைக்கு எத்தனை மீற்றர் துணி, எத்தனை நிமிட வேலை, என்ன செலவு என்று கணக்கிடுவது. ஒரு சட்டைக்கு இரண்டு மேலதிகத் தையல் போட்டால் அழகு கூடலாம். ஆனால் அது பல்லாயிரம் சட்டைகளில் எத்தனை மணித்தியாலம் என்று தெரிந்தவளே வடிவமைப்பாளர். ஆகவே கணிதத்தைப் பயந்து இந்தப் பாதைக்கு வராதீர்கள். இங்கும் கணிதம் காத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு எங்கே படிக்கலாம்? அரச பல்கலைக்கழகத்தில் என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நவநாகரிக வடிவமைப்பும் உற்பத்தி அபிவிருத்தியும் என்ற பட்டம் உண்டு. இது விஞ்ஞானப் பிரிவுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் உயர்தரச் சித்தி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். நம் கரையோரப் பிள்ளைகள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பதில்லை, உளச்சார்புப் பரீட்சைக்கான விண்ணப்பத்துக்குத் தனி அறிவித்தல் வரும் என்பதும் தெரிவதில்லை. வேலை செய்துகொண்டே படிக்க விரும்புபவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கைத்தொழில் கற்கைகள் பட்டத்தில் ஆடை உற்பத்தி, நவநாகரிக வடிவமைப்பு ஆகிய துறைகள் உண்டு. இரத்மலானையில் இலங்கைப் புடவை மற்றும் ஆடைகள் நிறுவனம் இருக்கிறது. தொழிற்சாலைக்குத் தேவையான குறுகிய பாடநெறிகளுக்கும் டிப்ளோமாக்களுக்கும் அது அரச நிறுவனம். கொழும்பில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை வழங்கும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் வேறு உலகம்.

சாதாரண தரத்தோடு நின்றுவிடும் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று வந்தது. சாதாரண தரத்தில் சித்தி கிடைக்காதவரும் அதில் சேரலாம். அதிலுள்ள பாடங்களில் ஆடை வடிவமைப்பும் உண்டு, புடவையும் ஆடையும் பற்றிய கற்கையும் உண்டு, சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் உண்டு. அங்கிருந்து தேசிய தொழில் தகைமை, அதாவது நாம் என்.வி.கியூ. என்று சொல்லும் ஏணியில் 4 ஆம் படிக்கு ஏறலாம். அந்த ஏணிக்கு 7 படிகள். 5 உம் 6 உம் டிப்ளோமா. 7 பட்டம். அதைத் தருவதற்கென்றே தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் நிறுவப்பட்டது. ஒரு முறை பரீட்சையில் விழுந்த பிள்ளைக்கு ஏணி முடிந்துவிடவில்லை என்பதைத் தாய்மார் தெரிந்திருக்க வேண்டும்.

வடிவமைப்பாளர் ஒருவர் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. ஏனா டி சில்வா பத்திக்கை ஒரு கலையாக உயர்த்தி, ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைக்குப் பத்திக் விதானம் செய்தார். பின்னர் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களுக்குத் தொழிலாக அதைக் கொடுத்தார். பார்பரா சன்சோனி கைத்தறித் துணியில் நிறங்களைச் சேர்த்து 'பெயர்ஃபுட்' என்ற பெயரை உலகுக்குக் கொண்டுபோனார். அந்த இரு பெண்களும் துணியை மட்டும் விற்கவில்லை. வடிவத்தை விற்றார்கள். மஹாவெவயில் கைத்திறன் இருக்கிறது. அதன் பக்கத்தில் நம் பள்ளியில் படித்த ஒரு வடிவமைப்பாளர் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். சுகாதார முகாமைத்துவம் என்றால் என்ன? நோயாளியைத் தொடாமல் நோயாளிக்கு நடக்கும் வேலை அது. வைத்தியசாலையில் ஒருவர் அனுமதிக்கப்பட்டதும் அவருக்குத் திறக்கப்படும் குறிப்புத் தாளை நாங்கள் பி.எச்.டி. என்போம். அவர் வீட்டுக்குப் போன பின்னும் அந்தத் தாளின் வேலை முடிவதில்லை. பதிவேட்டுப் பிரிவில் இருப்பவர் அதை எடுத்து, நோயின் பெயருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டு எண்ணைக் கொடுத்துப் பதிகிறார். எல்லா அரச வைத்தியசாலைகளிலிருந்தும் அவ்வாறு சேரும் எண்களிலிருந்துதான் எந்த மாவட்டத்தில் எந்த நோய் கூடுகிறது, எங்கே எத்தனை கட்டில் வேண்டும், எவ்வளவு மருந்து அனுப்ப வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. அங்கே ஒரு எண் பிழைத்தால் ஒரு நோய் இல்லாததாகிவிடும். இந்தப் பதிவுகளோடு, கொள்வனவு, களஞ்சியம், ஆளணி, கணக்கு, தொற்றுக் கட்டுப்பாடு, தரம், நோயாளரின் முறைப்பாடு, சட்டம், காப்புறுதி எல்லாம் சேர்ந்ததே இந்தத் துறை.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் காட்ட மதுரைக்கு அழைத்துப் போகிறேன். அங்கே 1976 இல், அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற கண் சத்திரசிகிச்சை நிபுணர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கண் சத்திரசிகிச்சை செய்யும் நிறுவனங்களில் அது ஒன்று. பணம் உள்ளவர் கொடுப்பார், இல்லாதவருக்கு இலவசம். இதைச் சாதித்தது கைராசி மட்டுமல்ல, வேலையைப் பிரித்த முறை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் வைத்தியர் வேலையை முடித்ததும் அடுத்த மேசையில் நோயாளி தயார். தயார் செய்பவர்கள் கிராமங்களிலிருந்து தெரிவு செய்து அங்கேயே பயிற்றப்பட்ட இளம்பெண்கள். அந்த நிர்வாகத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் ஆர். டி. துளசிராஜ். அவர் வைத்தியர் அல்லர், கல்கத்தாவில் முகாமைத்துவம் படித்தவர். 1992 இல் அவர்கள் இதைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்கத் தனி நிறுவனமே தொடங்கினார்கள். ஒரு வைத்தியராக நான் சொல்கிறேன்: நல்ல வைத்தியர் ஒருவர் ஒரு நோயாளியைக் காப்பாற்றுவார். நல்ல ஒழுங்கு ஒன்று அவரைப் போல ஆயிரம் பேரை அவரிடம் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2020 தொடக்கத்தில் கொரோனா பரவத் தொடங்கியபோது, நாட்டுக்குள் வருவோரைப் பின்தொடர இலங்கையின் சுகாதாரத் தகவல் வல்லுநர்கள் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளில் ஒரு பதிவு முறையை மிக விரைவாக அமைத்தார்கள். பின்னர் வேறு பல நாடுகளும் அதைப் பின்பற்றின. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். டொலர் இல்லாதது காரணம், உண்மை. ஆனால் அந்த நாட்களில் இருக்கும் கொஞ்சம் மருந்து எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது, எது எப்போது காலாவதியாகும், எதை எங்கே மாற்றலாம் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் எவ்வளவு பெறுமதியானவர் என்பதை நாங்கள் வார்ட்டில் நின்று கண்டோம்.

ஆனால் இங்கே சில விடயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலைகளின் பணிப்பாளர்கள் பொதுவாக வைத்தியர்கள். பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் மருத்துவ நிர்வாகம் படித்தே அந்தப் பதவிக்கு வருகிறார்கள். ஆகவே ஒரு தனியார் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு அரச வைத்தியசாலையை நடத்தப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் படிப்புக்கு வேலை இருப்பது பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைகள், ஆய்வுகூடங்கள், காப்புறுதி நிறுவனங்கள், மருந்து விநியோக நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில். அதைவிட முக்கியமானது, சுகாதார முகாமைத்துவம் படித்தவர் தாதி ஆக முடியாது. 'ஹெல்த் கெயார் அசிஸ்டன்ட்' சான்றிதழும் தாதியர் பயிற்சி அல்ல. தாதியாக விரும்பினால் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியோ பல்கலைக்கழகத் தாதியியல் பட்டமோ, அதன் பின் உரிய பதிவோ வேண்டும். இரண்டும் மரியாதையான தொழில்கள். ஆனால் ஒன்றுக்குக் காசு கட்டி மற்றதை எதிர்பார்க்கக் கூடாது.

என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் கதை இது. பெயரும் இடமும் வேண்டாம். தகப்பன் கடற்றொழிலாளி. தாயின் நகையை அடகு வைத்து, ஒரு வருடப் பாடநெறிக்குக் கட்டணம் கட்டினார்கள். சான்றிதழ் அழகாக இருந்தது, தங்க நிற முத்திரையும் இருந்தது. அதைக் கொண்டு வார்ட்டில் தாதியாக வேலை கேட்டுப் போனாள். "இது தாதியர் தகைமை இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். நிறுவனத்தில் கேட்டபோது, "நாங்கள் தாதி என்று எங்கேயும் எழுதவில்லையே" என்றார்களாம். உண்மைதான், விளம்பரத்தில் எழுதவில்லை. வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்ட ஒரு பெண்ணின் படத்தை மட்டும் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. சரியான ஏணியில் கால் வைத்திருந்தால் இன்று எங்கேயோ இருந்திருப்பாள்.

ஆகவே தங்கைமாரே, எந்தக் கற்கைநெறியாக இருந்தாலும் காசு கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, சான்றிதழைத் தருவது யார்? பட்டம் என்றால், அது 1978 ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பட்டியலில் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதியப்பட்டிருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நிறுவனம் பதியப்பட்டிருப்பது வேறு, பாடநெறி அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

இரண்டாவது, இதற்கு அடுத்த படி எது? என்.வி.கியூ. எந்த மட்டம்? இங்கிருந்து டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் போகலாமா? அடுத்த படி இல்லாத சான்றிதழ் சுவரில் தொங்கும், ஏணியில் சேராது.

மூன்றாவது, போன வருடம் இதை முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? நிறுவனம் காட்டும் படத்தைப் பார்க்காமல், முடித்த இரண்டு பிள்ளைகளோடு நேரே பேசுங்கள். ஆடை வடிவமைப்பு என்றால் அங்கே வெட்டுரு மேசைகளும் தொழிற்சாலைப் பயிற்சியும் இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார முகாமைத்துவம் என்றால் உண்மையான வைத்தியசாலையொன்றில் பயிற்சிக்காலம் உண்டா என்று கேளுங்கள்.

இந்த இரண்டு துறைகளும் எட்ட எட்ட நிற்பவை என்று நினைக்க வேண்டாம். 2020 இல் வைத்தியசாலைகளுக்குப் பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் வேண்டியபோது அவற்றைத் தைத்தது நம் ஆடைத் தொழிற்சாலைகள்தான். தீக்காயம் ஆறும் இடத்தில் தழும்பு தடித்து எழும்பாமல் இருக்க, அளவெடுத்துத் தைத்த இறுக்கமான அழுத்த ஆடையை மாதக்கணக்கில் நாள் முழுதும் அணிய வேண்டும். அளவு பிழைத்தால் பயனில்லை. மார்பகப் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்த தாய் என்னிடம் கேட்பது எப்போதும் மருந்தைப் பற்றி அல்ல. "கல்யாண வீட்டுக்கு எப்பிடிப் போற மிஸ்?" என்று கேட்பார். அதற்கு விடை என் மருந்துத் துண்டில் இல்லை. பெண்ணின் உடம்பை அறிந்து துணி வெட்டத் தெரிந்த இன்னொரு பெண்ணிடம் இருக்கிறது. அந்தப் பெண் நம் பள்ளியிலிருந்து வரட்டுமே.

இறுதியாகப் பழைய மாணவியரிடம் சில விண்ணப்பங்கள். நீங்கள் கொழும்பில், கண்டியில், டோஹாவில், லண்டனில், டொரண்டோவில், மெல்பனில் இருக்கிறீர்கள். நூற்றாண்டுக்கு மண்டபம் கட்டுவது நல்லது. அதோடு, ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்த முதல் இரண்டு கிழமைகளில் பள்ளியில் ஒரு மேசை போடுவோம். அங்கே நம்மில் இரண்டு பேர் அமர்ந்து, பிள்ளை கொண்டுவரும் விளம்பரத் துண்டை அந்த மூன்று கேள்விகளால் சோதித்துச் சொல்வோம். அதற்குக் காசு தேவையில்லை, தொலைபேசியும் பொறுமையும் போதும். ஆடைத் துறையிலும் வைத்தியசாலை நிர்வாகத்திலும் இருக்கும் நம் சகோதரிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று சங்கத்திடம் இருக்கட்டும். மொறட்டுவை உளச்சார்புப் பரீட்சைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு, வரைதலில் பயிற்சி தர ஒருவரும், போய்வரும் பஸ் செலவுக்கு ஒருவரும் கிடைத்தால் போதும். மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு சொல். கொழும்புக்குத் தனியே அனுப்புவது பயம் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலும் பயந்தார்கள். விடுதி யாருடையது, அந்த ஊரில் நம் பழைய மாணவி யார் இருக்கிறார் என்று விசாரித்து அனுப்புங்கள். பயத்தைத் தீர்க்க வழி உண்டு. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது அதற்கு வழியல்ல.

தங்கைமாரே, மருத்துவபீடம் கிடைத்தால் சந்தோஷமாக வாருங்கள், உங்களுக்காக வார்ட்டில் வேலை காத்திருக்கிறது. கிடைக்காவிட்டால், உங்கள் இஸட் புள்ளியை உங்கள் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொண்டு திரிய வேண்டாம். அளக்கத் தெரிந்தவருக்கும் எண்ணத் தெரிந்தவருக்கும் இந்த நாட்டில் வேலை இருக்கிறது. காசு கட்டுமுன் கேள்வி கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் கேட்கிறோம்.